குமரேசண்ணன் ஓட்டுப் போட்ட கேம்

குமரேசண்ணன் இறந்துவிட்டார். நேற்று மதியம், லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டில், மேலே நின்று வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது ஷாக் அடித்து...

முப்பத்தொரு வயது.

“அவன் கவனமில்லாம இருந்துட்டான்” என்கிறார் ஷெட் முதலாளி. தேய்ந்த ரப்பர் செருப்போடு மேலே ஏறவிட்டது யாருடைய கவனம்? ஷூ வாங்கித் தந்தீர்களா, கையுறை தந்தீர்களா என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

சங்ககிரியில் நானும் தினேஷும் நடத்தும் கேமிங் சென்டருக்கு வருபவர்களுக்கு அவரைத் தெரியும். ஞாயிறு மதியம் ஷெட் ஆட்களோடு வருவார். மூலையில் இருக்கும் டிவிதான் அவருக்கு. கன்ட்ரோலரைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வருவார். நாங்கள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

போன வருடம் முழுக்க ஒரே கேம்தான். பதினைந்து வருடத்துக்கு முன் வந்த கேமைப் புது கிராஃபிக்ஸோடு மறுபடி செய்து வெளியிட்ட ரீமேக். அதில் ஓர் இரும்புப் பாலம் வரும். எதிரிகள் சுட்டுக்கொண்டிருப்பார்கள்... இவர் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“அண்ணா, சுடறானுங்க, ஓடுங்க!”

“இர்றா. வெல்டிங் வச்ச தடத்தக்கூட வரஞ்சிருக்கான் பாரு. எவனோ ஒக்காந்து செஞ்சிருக்கான்.”

கேம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஸ்கிப் செய்யவும் விடமாட்டார். “செஞ்சவன் பேரு ஓடுதில்ல, இரு.” அவர் கட்டிய லாரிகள் நாடு முழுக்க ஓடுகின்றன. முன்னால் ஓனருடைய பிள்ளைகள் பெயர், பின்னால் சாமி பெயர். கட்டியவர் பெயர் எதிலும் கிடையாது.

டிசம்பர் கடைசி ஞாயிறு எங்கள் சென்டரில் ஓட்டெடுப்பு நடக்கும். வருடத்தின் பெஸ்ட் கேம் எது என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடவேண்டும். ஜெயிக்கும் கேமின் போஸ்டர் ஒரு வருடம் கதவில் இருக்கும். பரிசு அவ்வளவுதான். சண்டை மட்டும் சட்டமன்றத் தேர்தல் அளவுக்கு நடக்கும்.

“ரீமேக் சேராது” என்று ரூல் எழுதி ஒட்டியது நான்.

அவர் அதைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். “ஏன் சேராது?”

“ஏனுங்ணா, பழைய சேஸி மேல புது பாடி கட்டினா புது வண்டி ஆயிருமா? ஆர்.சி. புக்குல பழைய வருசந்தான இருக்கும்?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

“டிரைவர் ஆர்.சி. புக்கு மேலயா ஒக்காந்து ஓட்றான்?”

இப்போது இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

தினேஷ் விடவில்லை. “அதுக்குன்னு புது வண்டி கூடப் போட்டிக்கு உடுவீங்களா?”

“உட்டுப் பாருங்க. தோத்தாத் தோத்துட்டுப் போவுது. வாசல்லயே நிறுத்துனா எப்டி?”

பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “அந்தக் கேம் மொத வந்தப்ப நீ லீவுக்கு உங்க மாமன் ஊட்ல வெளையாண்டிருப்ப. நான் கிரைண்டிங் மிசினு புடிச்சுட்டிருந்தேன் தம்பி. உனக்குத்தான் அது பழசு.”

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் ரூலை மாற்றவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற நான், ஒட்டிய பேப்பரைக் கிழித்தால் கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிட்டேன்.

சீட்டுகளைத் தனியாக உட்கார்ந்து பிரித்தேன். ரீமேக் பெயர் இருந்தவற்றை ஓரம் தள்ளிவிட்டு, வேறொரு கேம் ஒன்பது ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தேன். போஸ்டர் ஒட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“நம்முளுதுக்கு எத்தன உளுந்துச்சு சாமி?”

“மூணுண்ணா.”

“மூணா...” சிரித்தார். “செரி உடு. நம்ம பசங்களே போடல போல.”

அன்றைக்கும் அந்தப் பசங்க எல்லாருக்கும் அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்று மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். வீடு ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில். தெரிந்தவர்கள் வாருங்கள். சென்டர் இன்று கிடையாது.

அண்ணா... நான் சொன்னது பொய். பதினொன்று விழுந்திருந்தது. உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் போட்டிருந்தார்கள்.

போயிட்டு வாங்க.