ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு

அந்தக் குரல் செய்தி ஒரு புதன்கிழமை காலையில் என்னிடம் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளர்களின் புகார்களைக் கவனித்துவந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. உங்கள் பாஷை என்று நினைக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு வரி எழுதி எனக்குத் தள்ளியிருந்தாள்.

அப்போது நான் இந்திராநகரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். செல்போனில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் செயலி எங்களுடையது. ஒரு நாளைக்கு ஒரு பாடம், பத்து நிமிடம். போன் ஒரு வாக்கியம் சொல்லும், கேட்பவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். புதிய ஆட்களைச் செயலிக்குள் கொண்டுவருவதும், வந்தவர்கள் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. கொண்டுவருவது சுலபம். இரண்டாவது வாரத்தில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். "இன்று உங்கள் பாடம் காத்திருக்கிறது" என்று காலையில் ஒன்று, "இன்னும் தாமதமாகவில்லை" என்று மாலையில் ஒன்று என்று விதவிதமாக நோட்டிஃபிகேஷன் எழுதி அனுப்புவேன். மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோவில் வரும்போதுகூட அதே யோசனைதான். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நோட்டிஃபிகேஷனைப் பார்க்காமலே விரலால் ஒதுக்கித் தள்ளினால் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தச் செய்தியைக் கேட்டேன். ஒரு பெண்ணின் குரல். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"மேடம், யாரு கேப்பீங்கன்னு தெரியல. நான் ஒண்ணும் தப்பு பண்ணலைங்க. பதினேழாவது பாடம் வரைக்கும் வந்துட்டோம். நேத்து தொறந்தா செவப்பா என்னமோ எழுதி வருது. எல்லாரு போன்லயும் அதேதான். நான் எதையாவது அழுத்திட்டேனான்னு எல்லாரும் என்னையே பாக்கறாங்க. என்னா பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க. திருத்திக்கறேன்."

அந்தச் சிவப்பு எழுத்தை எழுதியது நான்தான்.

நண்பர்களை அழைத்து வந்தால் இருவருக்கும் ஒரு வாரம் இலவசம் என்று ஒரு சலுகை வைத்திருந்தோம். சிலர் பொய்க் கணக்குகளைத் தொடங்கி அதைச் சுரண்டினார்கள். அதைத் தடுக்க நான் ஒரு விதி போட்டேன். ஒரே ஆளின் அழைப்பில், ஒரே வைஃபையிலிருந்து, அழைத்தவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் ஆனால் அத்தனை கணக்கும் தானாக நின்றுவிடும். சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு வரி வரும். அந்த விதிக்காக வாராந்தரக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

கணக்கைப் பார்த்தேன். பதினொரு பேர். எல்லோரும் ஒரே வைஃபை, ஒரே நேரம், தினமும் மதியம் இரண்டரைக்கு மேல். ஏமாற்றுபவர்கள் பாடத்தைத் திறக்கவே மாட்டார்கள். இவர்களோ ஒரு நாள்கூட விடவில்லை. தடையை எடுத்துவிட்டு அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் முதலில் நம்பவில்லை. பிறகு, நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, இரண்டரைக்கு வந்தால் எல்லோரும் இருப்போம் என்று சொல்லி இடத்தைச் சொன்னார். எங்கள் நிறுவனத்தைத் தொடங்கியவர் என்னைவிட ஐந்து வயது இளையவர். அவரிடம் சொன்னபோது, உடனே போய்ப் பாருங்கள், பதினேழு நாள் விடாமல் வருபவர்களை நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை என்றார்.

காக்ஸ் டவுனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாட்ச்மேன் என் பெயரைக் கேட்டுவிட்டு, மேலே அனுப்பாமல், வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மேலே உள்ள வீடுகளில் வேலை செய்பவர்கள். மதிய வேலை முடிந்து, மாலை வேலை தொடங்கும்வரை கிடைக்கும் இடைவெளி அது. நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் போனை வைத்திருந்தார்கள்.

"சொல்ப தள்ளுங்க, மேடம் உக்காரட்டும்" என்று, செய்தியில் கேட்ட அதே குரல் கன்னடம் கலந்த தமிழில் சொன்னது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். படிப்பதற்கான கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். வீடு ஜீவனஹள்ளியில், இங்கே மூன்று வீடுகளில் வேலை. ஒரு வீட்டுப் பெண்ணின் போனில் எங்கள் விளம்பரத்தைப் பார்த்துத் தன் போனிலும் போட்டுக்கொண்டாராம். வைஃபை கேமராக்களுக்காகக் குடியிருப்புச் சங்கம் வைத்தது. பாஸ்வேர்டை வாட்ச்மேன் கொடுத்திருந்தார். கொடுத்தவர், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். ஒடிசாவிலிருந்து வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர்தான் பதினோராவது ஆள். அவரைச் சேர்த்த அன்றைக்குத்தான் என் விதி விழித்துக்கொண்டது.

ஏன் இத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். இலவச வாரத்துக்காக என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

"எங்க வீடு ஒத்த ரூமுங்க. போனு சத்தமா சொல்லச் சொல்லுது. நான் மூலைல உக்காந்து 'ஐ லைக், ஐ லைக்'னு சொன்னா புள்ளைங்க சிரிக்குதுங்க. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. எல்லாருக்கும் அதே கதிதான்."

அன்றைக்குப் பதினெட்டாவது பாடம். பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று வட்டமாகப் போனது. எனக்கு எதிரில் இருந்த கன்னடக்காரப் பெண் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, தனக்கு மழை பிடிக்காது என்றார். ஏன் என்று பக்கத்திலிருந்தவர் கன்னடத்தில் கேட்க, அவரும் கன்னடத்தில் நீளமாகப் பதில் சொன்னார். சின்ன வயதில் ஒரு மழை நாளில் அப்பாவுக்காக வாசலில் நின்றுகொண்டே இருந்ததைப் பற்றி. அப்பா அன்றைக்கு வரவில்லை.

ஜீவனஹள்ளிக்காரர் என் பக்கம் சாய்ந்து, "மூணு வருஷமா ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். இவளுக்கு மழை புடிக்காதுன்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார்.

பிறகு என் முறை வந்தது. காபி பிடிக்கும் என்றேன். அது எல்லோருக்கும் பிடிப்பதுதானே, வேறு சொல்லுங்கள் என்றார்கள். யோசித்துவிட்டு, பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் சீட் பிடிக்கும் என்றேன். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

பாடம் முடிந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அந்தச் சிவப்பு எழுத்து நான் எழுதியது, விதியும் நான் போட்டது, தவறு என் பக்கம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம வாட்ச்மேன் அண்ணாகிட்ட கேட்டோம். அவரு யாரையோ கேட்டுட்டு வந்து, உங்க மேல சந்தேகம்னு போட்டிருக்குன்னாரு. மேல ஒரு மோதிரம் காணோம்னாலும் மொதல்ல எங்க பையத்தான் தொறக்கச் சொல்வாங்க. இது போன்ல வேற வருது. ரெண்டு பேரு அன்னிக்கு சோறே எடுக்கல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அந்தச் சொல் போதாது என்று எனக்கே தெரிந்தது.

"வந்துட்டீங்க இல்ல" என்றார் அவர். ஒரு டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை மூடியில் எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தச் சிவப்பு வரியை எடுத்தேன். எங்களால் ஒன்றைச் சரிபார்க்க முடியவில்லை, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், நாங்கள் பேசுகிறோம் என்று நான்கு மொழிகளில் எழுதினேன். எண்ணின் மறுமுனையில் உண்மையிலேயே ஆள் இருக்க வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கினேன். எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்தக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து படித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கும் பழக்கமும் அன்றுதான் தொடங்கியது.

நான் சொன்னதைக் கேட்டு எங்கள் நிறுவனர் உற்சாகமாகிவிட்டார். தனியாகப் படிப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள், சேர்ந்து படிப்பவர்கள் தங்குகிறார்கள், அவ்வளவுதானே என்றார். இரண்டு மாதத்தில் குழுவாகப் படிக்கும் வசதியைக் கொண்டுவந்தோம். ஒரு துணிக்கடை ஊழியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரேசர் டவுனில் ஒரு சர்ச்சுப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பெரும்பாலான குழுக்கள் பெயர் தெரியாதவர்களை நாங்களே சேர்த்துவைத்தவை. அவற்றில் ஒருவர் பேச, மற்றவர்கள் வரவே மாட்டார்கள்.

ஜெனரேட்டர் அறைப் பெண்களை வைத்து ஒரு வீடியோ எடுக்கலாம் என்றார் நிறுவனர். அவர்களைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். போய்க் கேட்டேன். ஜீவனஹள்ளிக்காரர் மற்றவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேண்டாங்க. இது எங்களோட நேரம். மேல வீட்டுக்காரங்க பாத்துட்டாங்கன்னா, கீழ உக்காந்து இதத்தான் பண்றீங்களான்னு இந்த நேரத்துக்கும் ஒரு வேலை சொல்லிடுவாங்க."

திரும்பி வந்து, முடியாது என்றேன். முகத்தை மறைத்து எடுக்கலாமே என்றார் நிறுவனர். அதுவும் வேண்டாம், இதற்குமேல் நான் கேட்க மாட்டேன் என்றேன். அவர் சரி என்றார். நடிகைகளை வைத்து, மரத்தடியில் நோட்டுப் புத்தகத்துடன் உட்காரவைத்து எடுத்தோம். நிறையப் பேர் பார்த்தார்கள். வந்தார்கள். இரண்டாவது வாரத்தில் பாதிப் பேர் போனார்கள்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நிறுவனம் பாதை மாறியது. முதலீட்டாளர்கள் தனி ஆட்களுக்கான பாடத்தை நிறுத்திவிட்டுக் கம்பெனிகளுக்கு விற்கச் சொன்னார்கள். கடைசி நோட்டிஃபிகேஷனை எழுதும் வேலை எனக்கு வந்தது. இரண்டு வரி எழுத மூன்று நாள் ஆனது. அது போய்ச் சேரும் முன்பே காக்ஸ் டவுனுக்குப் போய் நேரில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

அவர்கள் பெரிதாக அதிரவில்லை. ஜீவனஹள்ளிக்காரர் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பாடத்தையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் அதுவே கன்னடத்தில்.

"நீங்க எதுக்கு மொகத்த இப்படி வெச்சிருக்கீங்க? வேலை போயிடுமா?"

"என் வேலை போகாதுங்க."

"அப்புறம் என்னா. நாங்க பாட்டுக்கு நடத்திக்கறோம். நீங்க வியாழக்கிழமை ஃப்ரீயா இருந்தா வாங்க."

எல்லா வியாழக்கிழமையும் போக முடியவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போனேன். அந்த நிறுவனத்தை விட்டு இன்னொன்றில் சேர்ந்த பிறகும் போனேன். அங்கும் அதே வேலைதான். ஆட்களை வரவழைப்பது, தங்கவைப்பது.

போன மாதம் ஜீவனஹள்ளிக்காரர் போன் செய்து, வாட்ச்மேன் அண்ணா ஊருக்கே போகிறார், முழங்கால் வலி தாங்கவில்லை, இனி வர மாட்டார், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றார். அரை நாள் லீவு போட்டுப் போனேன். மழைக்கால மதியம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். வாட்ச்மேன் சீருடை இல்லாமல், கட்டம்போட்ட சட்டையில் இருந்தார். அவரை அப்படிப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் முறை.

ஏதாவது பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார். ஆங்கிலத்தில் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். பிறகு ஒடியாவில் பேசத் தொடங்கினார். தடங்கலே இல்லாமல், வேகமாக, கைகளை வீசி, நடுவில் ஒருமுறை தானே சிரித்து. ஏழு வருடமாக அவரைத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர் சொந்த பாஷையில் பேசி அவர்கள்கூட அன்றுதான் கேட்டார்கள். யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. ஒருவரும் அசையவில்லை.

அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் கைதட்டினோம். என்ன சொன்னீர்கள் என்று ஜீவனஹள்ளிக்காரர் இந்தியில் கேட்டார். ஊரில் என் வீட்டுக்கு எப்படி வருவது என்று வழி சொன்னேன் என்றார் அவர். ரயில் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும், குளத்தைத் தாண்டி எத்தனையாவது வீடு என்று. ஜீவனஹள்ளிக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

"இந்தில இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா. எழுதிக்கறேன்."

அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். முடிக்கும்போது மணி நாலாகியிருந்தது. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, மாலை வேலைக்கு ஒவ்வொருவராக லிஃப்ட் பக்கம் நடந்தார்கள்.