ஊருணி ஆமை

தென்னைகளுக்குப் போடுவதற்காக, வறண்டு கிடந்த ஊருணியிலிருந்து ஒரு டிராக்டர் வண்டல் மண் கொண்டுவந்து கொட்டியிருந்தோம். என் கணவர் கத்தார் புறப்பட ஒரு வாரம்கூட இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு அதுதான் முதல் பயணம். போவதற்குள் மரங்களுக்கு மண் அணைத்துவிட வேண்டுமென்று நின்றவர், ஒரு பெரிய கட்டியை உடைக்க மண்வெட்டியை ஓங்கி, அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏ புள்ள, இங்கன வா. இதுக்குள்ள என்னமோ அசையுது."

கட்டியைத் தொட்டியோரம் வைத்து நனைத்தோம். சேறு கரையக் கரைய உள்ளிருந்து ஓர் ஆமை வெளிப்பட்டது. வழவழப்பான ஓட்டில் மஞ்சள் புள்ளிகள். புரட்டினால், பின்னங்கால்களை உள்ளே இழுத்து, வயிற்றோட்டிலிருந்த இரண்டு மடல்களால் கதவு சாத்துவதுபோல மூடிக்கொண்டது.

"தண்ணி வத்துனப்ப மண்ணுக்குள்ள போயிருக்கும். இத்தன நாளா திங்காம எப்புடி மச்சான் கெடந்துச்சு?"

"மழை வரும்னு அதுக்குத் தெரியும்ல."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஈரச் சாக்கில் சுற்றி ஊருணிக்கே கொண்டுபோனோம். நடுப்பள்ளத்தில் மட்டும் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. அங்கே விட்டதும் தலையால் முட்டி முட்டி உள்ளே புதைந்துபோனது. கடைசியில் மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவர் போன பிறகு போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, "மழை பேஞ்சுச்சா?" என்பார். அங்கே ஐம்பது டிகிரி வெயில். இங்கே நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐப்பசியில் ஒருவழியாகக் கொட்டித் தீர்த்தது. ஊருணி பாதி நிறைந்து, தவளைகள் காது அடைக்கக் கத்தின. துணி துவைக்கப் போனபோது, அல்லிக் கொடியருகே குழாய்போல நீண்ட மூக்குகள் இரண்டு மூன்று தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்த்தன. அவற்றில் எங்கள் ஆமை எதுவென்று எனக்குத் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வீடியோ கால் போட்டேன். அவர் அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், இந்தா பாருங்க!"

போனைத் திருப்புவதற்குள் எல்லாம் முங்கிவிட்டன. அலை மட்டும்தான் மிச்சம்.

"போயிருச்சு. செத்த நேரத்துல மூச்சு விட மேல வரும், இருங்க" என்றேன்.

அவருக்குப் பின்னாலிருந்து யாரோ வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

"வராட்டிப் பரவால்ல புள்ள. போன அப்புடியே புடி. நம்ம தண்ணியக் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்."

கை வலித்தது. மறு கைக்கு மாற்றிப் பிடித்தேன்.