சாய்ந்தமருதில் கழுவி வைத்த திமிங்கில எலும்பு

பதுளையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கும் நான் கல்முனைப் பக்கம் போனால் கடலில் குளிக்கத்தான் போவேன். இந்த ஆகஸ்ட் விடுமுறையில் போனது ஓர் எலும்பைப் பார்க்க. என்னோடு படித்த நஸீர் சாய்ந்தமருதுக்காரன். அவனுடைய ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் இர்ஷாத், நாட்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் ஒரு பலநாள் படகின் ஸ்கிப்பர். ஆழக்கடலில் அடிவரை இறக்கிய தூண்டில் கயிறு எதிலோ மாட்டிக்கொள்ள, நாலு பேரும் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். வந்தது ஒரு திமிங்கில எலும்பு. மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்ததாம், கூமுட்டை நாற்றமாம். திரும்பும் வழியில் என்ஜின் இரண்டு தடவை நின்றுவிட்டது. கரைக்கு வந்ததும், இனி அந்தப் படகில் ஏற மாட்டோம் என்று மற்ற மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள்.

"நீ வந்து சயன்ஸ விளங்கப்படுத்தினா கேப்பானுகள்," என்றான் நஸீர் போனில். "ஐஸும் ஏத்தியாச்சு. ஆளில்லாம மனிசன் கரையில குந்திக்கிட்டு இரிக்காரு."

எனக்குப் படகை விட அந்த வெள்ளைப் படலத்தில்தான் கண். சூரிய ஒளியே படாத ஆழத்தில், நாறும் கந்தக வாயுவிலிருந்து சக்தி எடுத்து வாழும் பக்டீரியாவை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன், ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை. இது அதுதானா, வெறும் அழுகலா? இரண்டு போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வியாழன் காலை ஆறரைக்குப் பதுளையில் பஸ். பிபிலை வழியாக அம்பாறை, அங்கே மாறி சம்மாந்துறை, பிறகு காரைதீவுச் சந்தி. ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே போனது. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அறுவடைக் காலம் என்பதால் சம்மாந்துறைக்குப் பிறகு பாதி ரோட்டில் நெல் காய்கிறது, அவசரப்பட்டுப் பிரயோசனமில்லை. சந்தியிலிருந்து ஓட்டோவுக்கு முந்நூறு. எந்த வீடு என்று கேட்ட ஓட்டோக்காரரிடம் இர்ஷாத்தின் பெயரைச் சொன்னேன்.

"அந்த எலும்பு இரிக்கிற வீடா?" என்றார். "ஒழுங்கை வாசல்ல இறக்கி உடுறன். உள்ளுக்கு வரமாட்டன்."

ராத்தா ஒரு பெரிய கிளாஸில் சர்பத்தைக் கொடுத்துவிட்டு, முற்றத்தைக் காட்டினார். பாய் மேல் எலும்பு படுத்திருந்தது. நல்ல வெள்ளை. நாற்றம் துளியும் இல்லை.

"தூரத்தில இருந்து சேர் வாறாரு எண்டு தம்பி சொன்னான். வீடெல்லாம் மணந்தா நமக்கு வெக்கமில்லையா? பிளீச்சிங் பவுடர் போட்டு, தேங்காத் தும்பால நல்லா உரசி, ரெண்டு நாள் வெயில்ல வெச்சன்."

விருந்தாளி வருகிறார் என்றால் இந்த ஊரில் வீட்டைக் கழுவுவார்கள் என்று தெரியும். எலும்பையும் கழுவுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லையே. அழுவதா சிரிப்பதா என்று விளங்காமல், "நல்லா வெளுத்திருக்கு ராத்தா" என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து, படகில் ஏற மறுத்த மூன்று பேரும் வந்தார்கள். முற்றத்துக்குள் வராமல் வேலியோரம் நின்றார்கள். அவர்களுக்காகக் கதைத்தவர் என்ஜின் பார்க்கும் ஜவாத். நான் வகுப்பெடுப்பதுபோலத் தொடங்கினேன். கடலின் அடியில் வெயிலே கிடையாது. அங்கே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. செத்த திமிங்கிலத்தின் எலும்பில் உள்ள கொழுப்பைத் தின்று சில வாழும், அதிலிருந்து வரும் நாற்ற வாயுவில் வேறு சில வாழும். ஓர் எலும்பு பல வருடங்களுக்கு அவற்றுக்குச் சாப்பாடு. பயப்பட ஒன்றுமில்லை.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓம் சேர்," என்றார் ஜவாத். "அதத்தான் நாங்களும் சொல்றம். எலும்பு ஜின்களுக்கு அல்லாஹ் குடுத்த சாப்பாடு. நாங்க புடுங்கிட்டு வந்துட்டம். இப்ப நீங்களும் சொல்றீங்க."

பக்கத்தில் நின்ற நஸீரைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஜின்களுக்கு எலும்புதான் உணவு என்பது சின்ன வயதிலேயே மத்ரஸாவில் கேட்கிற விஷயம் என்று அவன் மெதுவாகச் சொன்னான். இதைப் போனிலேயே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இர்ஷாத் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் சொன்னது ஜின் இல்லை என்று மறுபடி தொடங்கினேன், சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது.

ஜவாத் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒங்கட பக்டீரியாவோ எங்கட ஜின்னோ, அது கிடக்கட்டும். எடுத்த எடம் ஜிபிஎஸ்ல இரிக்கி. கொண்டுபோய்ப் போட்டா நாங்க வாறம். ஆனா இந்தப் புள்ள கழுவிப்போட்டாவே. இனி அதில சாப்பாடு மிச்சமிரிக்கா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். முறிந்த பக்கம் தேன்கூடு மாதிரித் துளைதுளையாக இருந்தது. விரலால் அழுத்தினேன். வெயிலில் உருகிய எண்ணெய் கசிந்தது. "மேலே இருந்ததுதான் போயிற்று. உள்ளே இன்னும் நிறைய இருக்கிறது," என்றேன். அப்போதுதான் ஜவாத் வேலியைத் தாண்டி வந்தார். தானும் அழுத்தி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"சரி. ஜும்ஆவுக்குப் பொறகு ஏத்துவம்."

மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விட்டதும், எலும்பின் ஒரு நுனியை நானும் மறு நுனியை இர்ஷாத்தும் பிடித்துச் சின்னத் தோணியில் ஏற்றினோம். ஜவாத்தும் மற்ற இருவரும் ஏறிக்கொண்டார்கள். இர்ஷாத் என் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுக் கடைசியாக ஏறினார். தோணி படகை நோக்கிப் போனது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் படகைப் பார்க்க விரும்பினால் தொழுகை முடிந்த பிறகு கரைக்கு வாருங்கள். கடலிலிருந்து வந்த எதையாவது பார்க்கப் போவதானால், தயவுசெய்து கழுவ வேண்டாம் என்று வீட்டாரிடம் நேரத்தோடு சொல்லிவிடுங்கள்.

ஒரு துண்டையாவது உடைத்து எடுத்து வந்திருக்கலாமே என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். போத்தல் பையில்தான் இருந்தது, கேட்டிருந்தால் ராத்தா கோடரியும் கொடுத்திருப்பார். ஆனால் அது யாருடைய சாப்பாடு என்று மூன்று பேருக்கு முன்னால் சொன்னவன் நான். அதற்குப் பிறகு எனக்குக் கை போகவில்லை. பயந்துவிட்டீர்களா சேர் என்று கேட்டால், இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.