அமலேக்கியின் அண்ணன்

மல்லித் தண்ணி ஊற்றிவைத்த மஞ்சள் கோப்பைதான் முதலில் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அம்மாவுக்குப் பொறுக்காது. தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம், கனடாவில் அஜின்கோர்ட் பகுதியில் எங்கள் அப்பார்ட்மெண்ட் கதவைத் தட்டிய இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்களும் தேத்தண்ணி, கோப்பி எல்லாம் தங்கள் சமயத்தில் விலக்கு என்றார்கள். மோர்மன் சமயத்தைப் பரப்ப வந்தவர்கள். பனியில் காது சிவந்து நின்றார்கள். அம்மா மல்லியை அவித்துக் கொடுத்தார்.

இருவர் சட்டையிலும் எல்டர் என்று தொடங்கும் பெயர்ப்பட்டி. நான் வாசித்துக் காட்டினேன்.

“ரெண்டு பேரும் சகோதரங்களோ?” என்றார் அம்மா.

எல்டர் என்பது பெயரில்லை, பட்டம், மூத்தவர் என்று அர்த்தம் என்றேன்.

“உந்தப் பால்குடியளோ மூத்தவை?” அம்மா சிரித்தார். அந்த ஆண்டுகளில் அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

எங்கள் வீட்டு மூத்தவன் எங்களோடு இல்லை. ஊரில் சண்டை நடந்தபோது, கொழும்புக்குப் போகவென்று வேறு சிலருடன் வள்ளம் ஏறிக் கடலேரிக்குள் இறங்கியவன். அவர்களில் ஒருவரும் கரை சேர்ந்ததாகத் தகவல் இல்லை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியை அண்ணனுக்கும் செய்து முடிக்கச் சொல்லி, பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து மாமா டெலிபோனில் நெருக்குவார். செய்தால் அவன் செத்தவன் ஆகிவிடுவான். அம்மா முடியாது என்றுவிட்டார். நான் எந்தப் பக்கமும் இல்லை. பக்டரியில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுப்பேன். அழுகை வராது. வரவில்லையே என்ற கவலையும் வராது.

இருவரில் உயரமான எல்டருக்கு ஒருநாள் இதைச் சொன்னேன். சொர்க்கத்தைப் பற்றித் தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மல்லித் தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது, தங்கள் வேதத்தில் அமலேக்கி என்று ஒருவர் வருகிறார் என்றார். பெரிய ஆளில்லை, தங்கள் இனத்தின் வரலாற்றைத் தகடுகளில் எழுதி வந்தவர்களில் ஒருவர். பழைய நாட்டுக்குத் திரும்பவென்று ஒரு கூட்டம் புறப்படுகிறது. அமலேக்கியின் சகோதரனும் அவர்களோடு போகிறான். அதன் பிறகு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அமலேக்கி எழுதுகிறார். தகடுகளும் நிரம்பிவிட்டன. அத்தோடு அவர் கதை முடிந்தது.

அம்மாவுக்குச் சொல்ல வாயெடுத்தவன் நின்றேன். அண்ணனா தம்பியா என்று எல்டரைக் கேட்டேன். அவர் முழித்தார். அவருடைய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நானே அண்ணன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, “தாய் இருந்தவவோ எண்டு கேள்” என்றார்.

எல்டர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அவருடைய காது மறுபடி சிவந்தது. தாயைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

“எழுதினது தம்பிதானே” என்றார் அம்மா. “தாயெண்டால் அந்த இடத்தில நிப்பாட்டியிருக்க மாட்டா.” கோப்பைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார்.

கோடைக்கு முன்பே அந்த எல்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போறன் என்று சொல்லக்கூடாது என்று அம்மா அவரைப் பழக்கியிருந்தார். வாசலில் நின்று, “போட்டு வாறன் அம்மா” என்றார். வரவில்லை.

போன மாதம் அம்மா காலமானார். மரண அறிவித்தல் கொடுக்கப் பத்திரிகைக்கு டெலிபோன் எடுத்தேன். அதில் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அவர்கள் இருக்கும் நாட்டைப் போடுவார்கள். இறந்துபோன பிள்ளை என்றால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வரும். எனக்குக் கனடா என்று எழுதியாகிவிட்டது.

“மூத்தவர் எந்த நாடு, அண்ணை?” என்று கேட்டாள் மறுமுனையில் இருந்த பெண்பிள்ளை.

டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அப்ப காலஞ்சென்ற எண்டு போடவோ?”

மஞ்சள் கோப்பை எனக்கு முன்னால் இருந்தது. மல்லித் தண்ணி ஆறிப்போயிருந்தது.

“பெயரை மட்டும் போடுங்கோ” என்றேன். “அதோட நிப்பாட்டுங்கோ.”