கவரைப்பேட்டையிலிருந்து கிப்பன் கூண்டு வரை

வண்டலூருக்குப் போக நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால், சித்திரை வெயிலில் பூட்டிய கேட்டின் முன்னால் நின்று இட்லி தின்றிருக்க மாட்டோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எல்லாக் கம்பெனிக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஒன்றுக்குத் திங்கள், இன்னொன்றுக்கு வியாழன் என்று ஆளுக்கொரு நாள். என் வீட்டுக்காரர் தேவராஜின் கம்பெனிக்குச் செவ்வாய்.

"புலிக்கும் எனக்கும் ஒரே நாள்ல வீக்லி ஆஃப் உட்டுட்டானுங்க" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையை மூடிவிட்டு, இரண்டு ரயில் மாறி, எண்பது கிலோமீட்டர் வந்திருந்தேன்.

ஏன் அவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். கவரைப்பேட்டையில் சாலையோரம் இட்லி, தோசை போடும் நாஷ்டா கடை வைத்திருக்கிறேன். லாரி இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி என் குரல் பெரியது. அந்தக் குரலே வீட்டுக்குள் எடுபடாமல் போய்க்கொண்டிருந்தது. கார்களுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் தேவராஜுக்கு இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். சத்தம் தாக்காமல் காதில் செருகக் கொடுத்த, கயிறு கோத்த அடைப்பான் எப்போதும் கழுத்தில்தான் தொங்கும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே சரியாகப் பதில் சொல்லிவிடுவார். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் சுவர்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எங்கள் மகள் ஜெனி வேலூரில் நர்ஸிங் படிக்கிறாள். அவளுடையது மெல்லிய குரல். அவள் போன் செய்தால் இவர், "நீயே பேசு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். "அப்பாவுக்கு எம்மேல இன்னா கோவம்மா?" என்று ஒருநாள் அவள் அழுதுவிட்டாள்.

திருவள்ளூரில் காது டாக்டரிடம் போகலாம் என்றால் சண்டை. "எனக்கா செவுடு? உனக்குத்தான் வாய்க்கொயுப்பு" என்பார். அப்போதுதான் யோசனை வந்தது. மனுஷர்களின் உதட்டைப் படித்து ஏமாற்றலாம். மரத்துக்குப் பின்னால் கத்தும் மயிலின் உதட்டை எப்படிப் படிப்பார்? பந்தயம் கட்டினேன். பூங்காவில் என் காதுக்குக் கேட்பதெல்லாம் அவருக்கும் கேட்டால் நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கேட்காவிட்டால் திருவள்ளூர் போக வேண்டும். அவர் கை கொடுத்தார்.

சித்திரை

செவ்வாயில் ஏமாந்த அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை, அவர் லீவு போட்டார். காலை 6.10க்கு ரயில். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஊர்ந்து 7.30க்கு சென்ட்ரல். சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்தால் பார்க் ஸ்டேஷன், அங்கே செங்கல்பட்டு வண்டி. மொத்தத்துக்கும் டிக்கெட் இருபது ரூபாய். வண்டலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினால் ஒன்பது மணிக்குக் கேட். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இருநூறு. உள்ளே போனதும் மர நிழல், அதைத் தாண்டினால் கொளுத்தும் தார்ச்சாலை.

வெயில் காலத்தில் மிருகங்கள் நம்மைப் பார்க்க வெளியே வருவதில்லை, நாம்தான் அவற்றின் தூக்கத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கரடி தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டு தர்பூசணித் துண்டை மார்பில் வைத்து நக்கியது. நெருப்புக்கோழிகள் தண்ணீர் தெளிப்பானை விட்டு நகரவேயில்லை. பறவைக் கூண்டில் நாரையும் மயிலும் வாயைப் பிளந்தபடி நின்றன. ஒரு சத்தம் இல்லை. எந்த மிருகமும் வாயைத் திறந்து பேசாத நாளாகப் பார்த்து அழைத்து வந்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

புலிக்கூண்டின் முன்னால் பத்திருபது பேர் விசிலடித்து, கைதட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் மட்டும் நின்றோம். திடீரென்று தேவராஜ் என் தோளைத் தொட்டு, மீசையை முறுக்கிக் காட்டினார். பிரஸ் ஷாப் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் கை ஜாடை உண்டு. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. உள்ளங்கையை உயர்த்தினால் மிஷினை நிறுத்து. மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார். அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். மூங்கில் புதருக்குள்ளிருந்து புலி சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்து நின்று, கொட்டாவி விட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

திரும்பும் வழியில் எங்கோ சிங்கம் கர்ஜித்தது. அவர் சட்டென்று நின்றார்.

"கேட்டுதா? சிங்கம்! எவ்ளோ தூரத்துல இருந்து! இப்ப சொல்லு, யாருக்குச் செவுடு?"

பந்தயத்தில் நான் தோற்றேன். சென்ட்ரல் வரும்வரை அவர் வாய் ஓயவில்லை.

ஐப்பசி

இரண்டாவது முறை போகலாம் என்றது அவர்தான். ஜெயித்த இடத்தை மறுபடி பார்க்கும் ஆசை. இரண்டு நாள் அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த காலை அது. அத்திப்பட்டு தாண்டும்போது தண்டவாளத்துக்கு இருபுறமும் தண்ணீர். பொன்னேரியில் ஏறிய பூக்காரம்மா, "மழைல இன்னா மிருகத்தைப் பாப்பீங்க? அதுங்களும் ஊட்டுக்குள்ளதான் குந்திக்கினு இருக்கும்" என்று கேலி செய்தார்.

பூக்காரம்மா சொன்னது தப்பு. சித்திரையில் பார்த்த பூங்கா இதுதானா என்றிருந்தது. வெடித்துக் கிடந்த ஏரியில் தண்ணீர் நிறைந்து, நடுத்திட்டு மரங்களில் கொக்குகள் இடத்துக்குச் சண்டை போட்டன. மான்களின் தோல் கழுவி விட்டதுபோல் பளிச்சென்றிருந்தது. மயில் ஒன்று நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு, நனைந்த புடவையோடு பஸ்ஸுக்கு ஓடும் பெண்ணைப்போல் எங்கள் குறுக்கே போனது.

பத்து மணி வாக்கில் கிப்பன் கூண்டுக்கு வந்தோம். அசாம் காட்டு வாலில்லாக் குரங்கு. ஆண் கறுப்பு, பெண் தேன் நிறம். உச்சிக் கயிற்றில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு ஆண் ஆரம்பித்தது. ஊ என்று மெல்ல எழுந்து, மேலே மேலே போய், காது கிழியும் கூவலாக மாறியது. பெண்ணும் சேர்ந்துகொண்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தேவராஜ் புன்னகையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, ரெண்டும் சேந்தாப்புல கொட்டாவி உடுது? ராத்திரி பூரா மழைல தூங்கல போல."

பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன், ஆனால் அப்படி ஜெயித்ததற்கு எங்காவது உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் வாளியோடு நின்ற காப்பாளர் என்னிடம், "ரெண்டு நாளா மழைல கம்முனு இருந்துச்சிம்மா. இன்னிக்கு மொத்தமா சேத்து வெச்சிக் கத்துது" என்றார். தேவராஜ் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதைப் பொத்தியிருந்த குழந்தைகளைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

சென்ட்ரல் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டியில் உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"எவ்ளோ சத்தமா இருந்துச்சி?"

"உங்க கம்பெனி சங்கு மாரி."

"சிங்கம் கேட்டுச்சே?"

"அது கனத்த கொரலுய்யா."

"அப்ப நம்ப ஜெனி பேசுறது..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரயிலில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தை

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போனோம். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்தது. பிரஸ் ஷாப்பை விட்டு வேறு பிரிவு கேட்க அவருக்கு மனசே இல்லை. "இன்ஸ்பெக்ஷன்ல குந்திக்கினு ஸ்கேல் வெச்சி அளக்கறது ஒரு வேலையா?" என்று இரண்டு வாரம் முனகினார். கடைசியில் அவரே போய்க் கேட்டார், கொடுத்துவிட்டார்கள்.

கருவியும் சும்மா வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. என் கடைக்கு வந்தால் கரண்டி சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். போன் வந்தால் பழையபடி என் கையில்தான் வரும். இப்படியே போனால் அது பையிலேயே செத்துவிடும் என்று பயந்தேன். பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் மூன்றாவது முறை கிளம்பினோம்.

காலை 6.10. மீஞ்சூர் வரை பனி. பார்க் ஸ்டேஷன் கூட்டத்தில் கருவியைக் கழற்றினார். வண்டலூர் கேட்டில் நான் கையை நீட்டிக் காதைக் காட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு மாட்டினார்.

"இன்னாமே இது, சரசரன்னு?"

"உன் கால்ல மிதிபடற சருகுய்யா."

நின்று, வேண்டுமென்றே இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார். அதற்கப்புறம் ஏரி போய்ச் சேர அரை மணி ஆனது. சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்குத் திரும்பினார். என் செருப்பு தேய்வதைக் கண்டுபிடித்து, "புதுசு வாங்கு" என்றார். ஏரியில் ஐப்பசியில் இல்லாத வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதந்தன. குளிருக்கு முதலைகள் கரையேறி வெயிலில் கிடந்தன. புலி பகலிலேயே வெளியே உலாத்தியது. மீசையை முறுக்கிக் காட்டினேன். "வாயாலயே சொல்லு, கேக்குது" என்றார்.

கிப்பன்கள் மௌனமாக இருந்தன. முக்கால் மணி நேரம் நின்றோம். அதே காப்பாளர், "அதுங்க மனசு வெச்சாதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு இல்லை போலிருக்கிறது என்று நான் திரும்பும்போது கறுப்பு ஆண் கயிற்றில் இறங்கித் தொங்கியது. ஊ என்றது.

தேவராஜின் தோள் துள்ளியது. கூவல் மேலே ஏற ஏற அவர் வாயும் திறந்துகொண்டே போனது. பெண்ணும் சேர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முழுசா இல்ல. எங்கியோ டப்பாக்குள்ள கத்துற மாரி. ஆனா கேக்குதுமே, கேக்குது."

மாலை 3.40க்கு வண்டலூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். என் போன் அடித்தது. ஜெனி. எடுத்து, வழக்கம்போல அவரிடம் பாதி, அவளிடம் பாதி கத்தத் தொடங்கினேன். "அப்பா நல்லா கீறாரு, இதோ பக்கத்துலதான்..." போன் என் கையிலிருந்து போய்விட்டது. அவர் அதைக் காதுக்குக் கொஞ்சம் மேலே, கருவியின் ஓரமாக வைத்துக்கொண்டார்.

"யாரு, பாப்பாவா? நான்தாம்மா, அப்பா."

நான் இன்னும் விடாமல், "கொரங்கு கத்துனதச் சொல்லுய்யா" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தினார். மிஷினை நிறுத்து.

தாம்பரம் போகும் வண்டி வந்தது, போனது. கடற்கரை வண்டி வந்தது, அதுவும் போனது. அடுத்த வண்டிக்கு எல்லோரும் எழுந்து நின்றபோதும் அவர் பேசிக்கொண்டிருந்தார். கவரைப்பேட்டையில் என்னை அறிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள், அத்தனை நேரமும் நான் வாயைத் திறக்கவேயில்லை.