அமாவாசையன்று எடுத்த தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆரணிக்குக் கீழே ஆற்றங்கரையில் கிணறு வெட்டி, சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோக ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. சுற்றுச்சூழல் அறிக்கை இல்லாமல் நிதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அறிக்கை எழுதும் பொறுப்பு வேலூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குப் போய், உள்ளூர்க்காரன் என்ற ஒரே தகுதியால் என்னிடம் வந்தது. வேதியியல் பட்டமும் இருந்தது. அதில் எவ்வளவு மண்டையில் ஏறியது என்று யாரும் கேட்கவில்லை.

வேலை கிடைத்ததும் ஆளே மாறிவிட்டேன். சட்டைப் பையில் இரண்டு பேனா. டீக்கடையில்கூட "சூழல் தாக்கம்" என்றுதான் பேச்சு. பட்டு நூலுக்குச் சாயம் போடும் என் அண்ணன் ஒருநாள், "தாக்கம்னா இன்னாடா?" என்று கேட்டுவிட்டான். அரைமணி நேரம் விளக்கினேன். அவன் பாதியிலேயே எழுந்து சாயத் தொட்டியைக் கிளறப் போய்விட்டான்.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு பேனா வைத்த ஆள் பஸ்ஸில் போவதா? அண்ணனின் மொபெட் வேண்டும். அது அவனுக்குத் தேவைப்படாத நாள் மாதத்தில் ஒன்றுதான், அமாவாசை. அன்று ஊரில் தறி ஓடாது, சாயப்பட்டறையில் அடுப்பு எரியாது. ஆகவே அமாவாசையன்று போனேன். மழைக்குப் பிறகு ஆற்றில் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். சோதனை முடிவும் நல்லபடியாக வந்தது. மாசு எங்கிருந்து வருகிறது என்ற கட்டத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டேன். அட்டை நீலமா பச்சையா என்று யோசித்த நேரத்தில் பாதியாவது உள்ளே இருந்ததைப் பற்றி யோசித்திருக்கலாம்.

இத்தனைக்கும் அண்ணனின் சாயக்கழிவு எந்த வாய்க்காலில் போய் எங்கே ஆற்றில் விழுகிறது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். கிணற்றுக்குக் குறித்த இடம் அதற்குக் கீழேதான். ஆனால் பாட்டிலில் இருப்பதுதான் அறிக்கையில் சேரும், கண்ணால் பார்த்தது சேராது என்று நினைத்தேன். படித்த திமிர்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஆற்றங்கரைக் கிராமத்துப் பள்ளியில் நடந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாக வாசித்து முடித்தேன். ரைஸ் மில்லில் வேலை செய்யும் ஓர் அம்மா எழுந்தார்.

"என்னிக்கு சார் தண்ணி புடிச்சீங்க?"

தேதியைச் சொன்னேன். அவர் விரல்விட்டு நாளைக் கணக்குப் போட்டார்.

"அன்னிக்கு அமாவாசைங்க. பட்டறைங்க லீவு. மத்த நாள்ல வந்து பாருங்க, செவப்பும் பச்சையுமா வந்துகினு இருக்கும். அதைத்தான் எம் புள்ளைங்க குடிக்கணுமா?"

யாராவது சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒருவரும் சிரிக்காமல் என்னையே பார்த்தார்கள். "மறுபடியும் எடுக்கறேம்மா" என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் போனேன். பஸ் எல்லா நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த அம்மாவே வந்து, கிணற்றுக்குக் குறித்த இடத்தில் என்னை நிறுத்தினார். தண்ணீர் அரக்கு நிறத்தில் வந்துகொண்டிருந்தது. பாட்டிலை முக்கி எடுத்தேன்.

"எவன் பட்டறையோ, தெரியல" என்றார்.

எனக்குத் தெரிந்தது. ஒரு கல்யாண ஆர்டருக்காக அண்ணன் இரண்டு நாளாக அரக்குதான் காய்ச்சிக்கொண்டிருந்தான். காலையில் எனக்கு டீ டம்ளரை நீட்டிய அவன் கையும் அதே நிறம்.

"எங்க வூட்டு பட்டறைதாம்மா" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு மொதல்லயே தெரியும்" என்றார்.

புதிய அறிக்கையில், 'எதுவுமில்லை' என்றிருந்த கட்டத்தில் பட்டறைகளின் பட்டியலை எழுதினேன். முதலில் எங்களுடையது. கிணற்றுக்கான இடம் வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே மாறியது. அதன்பிறகு அண்ணன் அமாவாசைக்குக்கூட மொபெட் சாவியைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.