ஐந்தாகப் பிரித்த புத்தகம்

படிப்பிக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு: கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வது. என்னைப் போல வெண்கட்டியும் கையுமாகக் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் சோறு குழைந்தால்கூட, ஏன் குழைந்தது என்று மூன்று காரணம் சொல்லி விளங்கப்படுத்துவோம். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் குறைந்தது சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு, தகரக் கொட்டிலுக்குள் எட்டாம் ஆண்டு வகுப்புக்குத் தமிழ் படிப்பித்த நாட்களில்தான். எப்படிக் குறைந்தது என்று சொல்கிறேன். உங்களுக்கும் உதவினாலும் உதவும்.

பிளேடு

களுவாஞ்சிக்குடிப் பக்கம், கடலுக்குக் கிட்ட இருந்தது எங்கள் பள்ளி. கடல் வந்தபோது நூலகம் முழுதாகப் போயிற்று. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, நிவாரணமாக ஒரு பெட்டி புத்தகம் வந்தது. ஆசையோடு திறந்தோம். பழைய டயரிகள், யாருக்கும் தெரியாத பாஷையில் சமையல் குறிப்புகள், பல் வைத்தியம். அடியில் ஒரேயொரு தமிழ்க் கதைப் புத்தகம். அதற்கும் அட்டை இல்லை, முதல் தாள் இல்லை. பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது.

வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். மறுநாள் ஆசிரிய ஆலோசகர் வருகிறார், குழுவாகப் படிப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எத்தனை குழு பிரிப்பது? காலையில் கடையில் ஒரு பிளேடு வாங்கினேன். தையலை அறுத்து, புத்தகத்தை ஐந்து பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தாளில் உறை போட்டேன். ஒரு குழு ஒரு பங்கை வாசித்துக் கலந்து பேசி, தன் முறை வரும் புதன்கிழமை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த குழுவின் பங்கைத் தொடக்கூடாது. தெரிய வேண்டியதை வாசித்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதுதான் சட்டம். மேசையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்துவிட்டு, பள்ளி அதிபர் வாசலில் நின்று கேட்டார்: "புத்தகத்த அறுக்கச் சொல்லி எந்தச் சுற்றுநிருபத்தில இருக்கு, டீச்சர்?"

தீர்த்தம்

எங்கள் ஊர்க் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடிக்குச் சொந்தம். யாருக்கு எந்த நாள் என்பதில் பெரியவர்கள் வழக்காடக் கோடு கச்சேரி வரைக்கும் போவார்கள். அந்தப் பெரியவர்களின் பிள்ளைகள்தானே என் வகுப்பில் இருந்தார்கள். ஐந்து பங்கு என்று கேட்டதும் முதலாம் திருவிழா, இரண்டாம் திருவிழா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசிப் பங்கு, திருவிழா நிறைவுறும் பெரிய நாளின் பெயரில், தீர்த்தம். எல்லாருக்கும் தீர்த்தம்தான் வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் இதை முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

துண்டு எழுதிக் குலுக்கினோம். ஐந்தாம் பங்கு சுதர்சினியின் குழுவுக்கு விழுந்தது. சுதர்சினி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பிள்ளை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். அதில் வந்து இறங்கி, அரை மணிநேரம் நடந்து, பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் முன்னால் வகுப்பில் இருப்பாள். மூன்றாம் பங்கு கிடைத்த லோகிதனுக்கு மனம் ஆறவில்லை. எதற்கும் எழும்பி ஒன்று சொல்கிற பிள்ளை அவன். அன்றும் எழும்பினான்: "தீர்த்தம் பாதையில ஏறிப் போகப்போகுது, டீச்சர்."

ஒரு ஆள் இருக்கிற இடம்

முதலாம் குழு கதையைத் தொடங்கியது. காத்தாயி என்று ஒரு பெண். புருஷன் வெளியூர் போய்த் திரும்பவில்லை. அவன் ஆற்றில் விட்ட தோணியை அவள் தானே எடுத்து, அக்கரைக்கு ஆட்களை ஏற்றுகிறாள். புருஷனின் தம்பி தோணி எனக்குத்தான் என்று நிற்கிறான். அந்த இடத்தில் முதலாம் பங்கு முடிந்தது. தோணி கடைசியில் யாருக்கு என்று ஒருவர் கேட்டதும், வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது.

பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் வந்த புத்தகத்தை மறுநாள் விடிய அறுத்தவள் நான். உறை போட்டேனே தவிர, ஒரு வரி வாசிக்கவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நமக்குத் தெரியாத வித்தையா? ஆனால் முப்பத்திரண்டு முகத்தையும் பார்த்தபோது மனம் வரவில்லை. எனக்குத் தெரியாது, நானும் வாசிக்கவில்லை என்றேன். வெட்கமாக இருந்தது. சுதர்சினி வாங்கில் கொஞ்சம் நகர்ந்து ஒரு ஆளுக்கு இடம் விட்டாள்: "அப்ப நீங்களும் எங்களோட வந்து இரிங்க, டீச்சர்."

முடிச்சு

மூன்றாம் பங்கில் ஆறு பெருகுகிறது. அதை லோகிதன் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. கடல் வந்த காலையில் அவனுடைய அப்பா கரையில் தோணியோடு நின்றவர். பிறகு வரவில்லை. வாசித்துவிட்டுப் பங்கு வைத்திருந்தால் இது அவன் கைக்குப் போகவே விட்டிருக்க மாட்டேன். எப்போதும் வாய் மூடாத பிள்ளை, ஆறு பெருகியது, தண்ணீர் வந்தது, தோணி போனது என்று மூன்றே வரியில் முடித்துவிட்டு வாங்கில் இருந்துவிட்டான். ஆறுதலாக ஐந்தாறு வசனம் என் நாக்கு நுனிக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த வேலையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

காத்தாயி தோணியை எப்படிக் கட்டினாள் என்று சுதர்சினி கேட்டாள். தினமும் வாவியைக் கடப்பவளுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. லோகிதன் தாளைப் புரட்டிப் பார்த்தான். ஒரு கயிறு, ஒரு மரம் என்று இருந்தது. அவன் புத்தகப் பையின் கயிற்றைக் கழற்றி வாங்குக் காலில் கட்டிக் காட்டத் தொடங்கினான். தண்ணீர் ஏறும்போது கயிற்றில் எவ்வளவு தளர்வு வேண்டும், இரண்டாவது கயிறு எந்தப் பக்கம் போக வேண்டும், அப்பா எந்த முடிச்சை எந்தக் காற்றுக்குப் போடுவார் என்று அரை மணிநேரம் சொன்னான். கடல் வந்த பிறகு அவன் அப்பாவைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. நான் கரும்பலகையை அழிப்பதுபோலத் திரும்பிநின்று அழுதேன். அவன் கயிற்றைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "புத்தகத்தில முடிச்சு பிழை, டீச்சர். இப்பிடிக் கட்டினா எந்தத் தோணியும் நிக்காது."

பாதை நின்ற கிழமை

நாலாம் குழு சொல்லி முடித்தது. காத்தாயியின் தோணி ஆற்றின் கீழ்ப்பக்கம் கிடைத்துவிட்டது. கொழுந்தன் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கிறான். அடுத்த புதன் தீர்த்தம். சொல்லப்போகிறவள் சுதர்சினி என்பதால் ஐந்தாம் பங்கை அவள் கொண்டுபோயிருந்தாள். பங்கைத் தன் முறை வரும் கிழமைதான் வாசிப்பது என்பதால், அவள் குழுவில் மற்றவர்கள் இன்னும் வாசித்திருக்கவில்லை. அந்தக் கிழமைதான் அந்தப் பக்கம் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை பெருத்தது. எங்கள் தகரத்துக்கு மேலால் ஷெல் கூவிக்கொண்டு போனது. பாதை நின்றது. சில நாளில் படுவான்கரைச் சனம் கிடைத்த வழியில் இந்தக் கரைக்கு வரத் தொடங்கியது. சுதர்சினி வரவில்லை. அவள் குடும்பம் காட்டுப் பக்கத்தால் வேறு எங்கோ போனதாக ஒருவர் சொன்னார்.

நான் முகாம் முகாமாகப் போய் விசாரித்தேன். பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. ஒரு பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் காய்ச்சலா என்று யாரும் கேட்பதில்லை, குரலைத் தாழ்த்தி வேறு கேள்விதான் கேட்பார்கள். பாடத்தையாவது முடிப்போம் என்று, முடிவை நீங்களே யோசித்து எழுதுங்கள் என்று வகுப்பில் சொன்னேன். லோகிதன் எழும்பினான்: "சுதர்சினி வராம முடிக்க ஒண்ணா, டீச்சர். வாசிச்ச ஆளிட்டத்தான் கேக்கோணும். சட்டம் நீங்க போட்டதுதானே."

கேள்விக் கொப்பி

முடிவு எழுத மாட்டோம், அவளிடம் கேட்க வேண்டியதை எழுதுவோம் என்றார்கள். ஒரு கொப்பி போட்டார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி, ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்கக் கூடாது. இரண்டு கிழமை அதே பேச்சு. ஊர் யாருக்காகப் பேசியது, அந்தத் தோணியில் தினமும் போனவர்கள் ஏன் சாட்சி சொல்லவில்லை, பயந்தவன் கெட்டவனா என்றெல்லாம் தங்களுக்குள் வாதாடி, தீராததை மட்டும் எழுதினார்கள். நாலு பங்கையும் மறுபடி வாங்கிப் பக்கம் பக்கமாகத் தேடினார்கள். நான் நாற்பது நிமிடம் தொண்டை கிழியக் கத்தி விளங்கப்படுத்திய எந்தப் பாடத்தையும் அவர்கள் அப்படித் தேடியதில்லை.

எங்கள் ஆசிரிய ஆலோசகர் நல்ல மனிதர், எதையும் நிதானமாகப் பார்ப்பார். அடுத்த முறை வந்தபோது கொப்பியைப் புரட்டி, கேள்விகள் ஆழமாக இருக்கின்றன என்று மெச்சினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அங்கே லோகிதனின் கோணல் எழுத்தில் முதலாவது கேள்வி இருந்தது: நீ எங்க இரிக்காய்? ஆலோசகர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்த முதலாம் கேள்வி பாடத்துக்குச் சம்பந்தமில்லையே, டீச்சர்."

விடுகைப் பத்திரம்

அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் ஆண்டு போனார்கள், பத்து, பதினொன்று. கிழக்கில் சண்டை ஓய்ந்து, பாதையும் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. வடக்கிலும் யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிச் சில நாள் கழித்து, அலுவலகத்தில் ஒரு பெரிய பிள்ளை அம்மாவோடு நின்றது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சுதர்சினி. பள்ளியை விட்டு விலகுவதற்கு விடுகைப் பத்திரம் கேட்டு வந்திருந்தாள். கொழும்புப் பக்கம் தையல் வேலைக்குப் போக அது வேண்டுமாம். இவ்வளவு காலமும் இரண்டு மூன்று முகாம் மாறியிருக்கிறார்கள். பள்ளி விட்டுப்போய்விட்டது, இனி எங்கே படிப்பு என்றார் அம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஐந்தாம் பங்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். திட்டுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். முகாமில் பிள்ளைகள் சும்மா இருந்தார்களாம். தாள் தாளாகக் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்து, ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்க வைத்திருக்கிறாள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஊருக்குப் போனபோது தாளும் கூடவே போய்விட்டது. இதற்கும் சுற்றுநிருபம் கிடையாது. அதிபர் பத்திரத்தை எழுதத் தொடங்கியிருந்தார். நான் அலுமாரியில் இருந்து கேள்விக் கொப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உன்னிடம் கேட்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். முதல் பக்கத்திலேயே நெடுநேரம் நின்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்: "இதுக்கெல்லாம் நிண்டுகொண்டு பதில் சொல்ல ஒண்ணா, டீச்சர். நாளைக்கு வாறன்."

முதலாம் கேள்வி

அம்மா ஒரு நாளைக்குத்தான் சம்மதித்தார். ஒரு நாள் என்று வந்தவள் ஒரு கிழமை வந்தாள், பிறகு பதினோராம் ஆண்டு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் வந்தாள். பாதி எழுதிய பத்திரம் அதிபரின் மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியிலேயே கிடந்தது. விட்டுப்போன பாடங்களை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தப் பழைய ஐந்து குழுக்கள். கணக்கு ஒரு குழு, விஞ்ஞானம் ஒரு குழு என்று பங்கு வைத்துக்கொண்டார்கள். துண்டு எழுதிக் குலுக்கவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை.

அவள் திரும்பி வந்த முதல் நாளன்று இரண்டு பாடநேரம் கேட்டு வாங்கி, பதினோராம் ஆண்டு வாங்கில் நானும் போய் இருந்தேன். புத்தகத்தின் முடிவு கடைசிக் கேள்விக்குத்தான் வந்தது. ஊர் தோணியைக் கொழுந்தனுக்குக் கொடுத்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவன் துறையில் தோணியோடு நிற்க, ஒருவரும் ஏறவில்லை. எல்லாரும் காத்தாயி வரும் வழியைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கிறார்கள். அதோடு புத்தகம் முடிகிறது. இது ஒரு முடிவா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஆனால் என் மனதில் நிற்பது அதுவல்ல, தொடக்கம்தான். சுதர்சினி கொப்பியை விரித்து, லோகிதனின் முதலாம் கேள்வியைச் சத்தமாக வாசித்தாள். அவன் அன்று மட்டும் எழும்பாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவள் முழு வகுப்பையும் ஒருதரம் பார்த்துவிட்டு, பரீட்சையில் வாய்மொழி விடை சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள்: "இஞ்ச இரிக்கன்."

இத்தனை வருடம் வாய் ஓயாமல் படிப்பித்த என்னிடம், பிள்ளைகள் உருப்படியாகப் படித்தது நான் வாசிக்காத அந்த ஒரு புத்தகத்தைத்தான்.